பிளாஸ்மா ஸ்பிரே செராமிக் பூச்சு: ஜாப்பின் சூட்டைக் கவனியுங்கள்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஈயத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாத்திரத்தைக் காய்ச்சிவிடுவார். பாத்திரம் காயாவிட்டால் ஈயம் பரவாது, உருண்டு ஓடும். பிளாஸ்மா ஸ்பிரேயிலும் அப்படித்தான். இதில் ஒரு கன், மின்சாரத்தால் வாயுவைக் கடும் சூடான சுடராக்கி, அதில் செராமிக் பவுடரை உருக்கி உலோகத்தின் மேல் அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் கன்னின் சூட்டைப் பற்றியே கேட்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஜாப்பின், அதாவது பூச்சு ஏறப்போகும் பாகத்தின், சூட்டை.

உதாரணத்துக்கு ஒரு 316 ரக ஸ்டெயின்லெஸ் பம்ப் ஸ்லீவை (பம்ப் தண்டின் மேல் மாட்டும் குழாய் போன்ற உறையை) எடுத்துக்கொள்வோம். அதன் மேல் நிக்கல்-குரோமியம் பாண்ட் கோட் (பிடிப்புக்கான அடிப்பூச்சு), அதற்கு மேல் 13 சதவீத டைட்டானியா கலந்த அலுமினா செராமிக் 0.3 மி.மீ.

படி 1: பவுடர் உருகுகிறதா?

சுடரின் நடுவில் 10,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அலுமினா உருக 2,050 போதும். ஆனால் பவுடர் துகள் அந்தச் சுடருக்குள் இருப்பது ஓரிரு மில்லிவினாடிதான். துகள் பெரிதாக இருந்தால் தோல் மட்டும் உருகி, உள்ளே கல்லாகவே வந்து மோதும். ஆர்கானோடு ஹைட்ரஜனைச் சற்றுக் கூட்டினால் துகளுக்குள் சூடு நன்றாக ஏறும். பவுடர் தயாரிப்பாளர் தரும் செட்டிங்கில் தொடங்குங்கள், அது போதும்.

படி 2: ஒற்றைத் துளிச் சோதனை

இதைத் தவிர்க்காதீர்கள். நான் சொல்லவருவதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கண்ணாடிபோல் பாலிஷ் செய்த இரண்டு சிறிய ஸ்டெயின்லெஸ் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை ஹாட் பிளேட்டில் 300 டிகிரிக்குக் காய்ச்சுங்கள். பவுடர் ஃபீடைக் குறைத்துவிட்டு, இரண்டின் மேலும் கன்னை ஒரே ஒரு தடவை வேகமாக ஓட்டுங்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் 200 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்.

குளிர்ந்த தகட்டில் துளிகள் மை தெறித்ததுபோல் விரல் விரலாகச் சிதறி, நடுவில் ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான தகட்டில் துளிகள், நெற்றியில் வைத்த பொட்டுபோல வட்டமாக இருக்கும். பொட்டின் மேல் வலைபோல் மெல்லிய விரிசல்கள் தெரியும். துளி சட்டென்று இறுகுவதால் வருபவை அவை. பயப்பட வேண்டாம்.

ஏன் இந்த வித்தியாசம்? எந்த உலோகப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படிந்திருக்கும். உருகிய துளி மேலே விழுந்ததும் அந்த ஈரம் ஆவியாகி, துளியை அடியிலிருந்து தூக்கிவிடுகிறது. துளி ஒட்டாமல் சிதறுகிறது. பரப்பை முன்பே காய்ச்சினால் ஈரம் போய்விடும், துளி தரையோடு தரையாகப் படியும்.

படி 3: முன்சூடு

கிரிட் பிளாஸ்டிங் (கூர்மையான துகள்களை வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்குவது) முடிந்த கையோடு ஸ்பிரேக்குப் போங்கள். ஸ்லீவைச் சுழலவிட்டு, பவுடர் இல்லாமல் கன்னை மட்டும் மூன்று நான்கு தடவை ஓட்டினால் 120 முதல் 150 டிகிரி வரை வந்துவிடும். பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். எனவே தொட்டு அளக்கும் தெர்மோகப்பிளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சோதனையில் 300 நன்றாக வந்ததே, ஜாப்பையும் அவ்வளவு காய்ச்சினால் என்ன என்று தோன்றும். வேண்டாம். ஸ்லீவின் பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் பூச்சு அந்தப் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும், ஈரம் போனாலே பாதி வேலை முடிந்தது. பரப்பில் வைக்கோல் நிறம் ஏறினால் ஆக்சைடு தடிக்கிறது என்று அர்த்தம். மறுபடி பிளாஸ்டிங் செய்ய வேண்டியதுதான்.

படி 4: அடிக்கும்போது

என் கண் முன்னால் ஒரு ஸ்லீவ் வீணானது இந்தப் படியில்தான். ஏர் கூலிங் திறக்காமல், நிறுத்தாமல் அடித்தார்கள். முடிந்ததும் பூச்சு அழகாகவே இருந்தது. ஆறியபோது ஓரத்திலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். கால் மணி நேரத்தில் ஒரு வளையமே கழன்று வந்தது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஒரு டிகிரி ஆறினால் 316 ஸ்டீல் தன் நீளத்தில் மில்லியனில் 16 பங்கு சுருங்கும், அலுமினா ஏறக்குறைய 8 பங்குதான். 400 டிகிரியில் அடித்து 30-க்கு ஆறவிட்டால், 100 மி.மீ. நீளத்தில் இரண்டுக்கும் 0.3 மி.மீ. வித்தியாசம். 150-ல் அடித்தால் 0.1 மி.மீ. உள்ளே ஸ்லீவ் சுருங்கி விலக, மேலே பூச்சு கூடவே வர முடியாமல் தவிக்கிறது. அந்த இழுவை ஓரத்தில்தான் முதலில் வெடிக்கும்.

எனவே இருபக்கமும் ஏர் ஜெட் வையுங்கள். 200 டிகிரியைத் தொட்டால் பவுடரை நிறுத்தி, 120-க்கு இறங்கியதும் தொடருங்கள். ரொம்பவும் ஆறவிடாதீர்கள், அடுக்குக்கு அடுக்கு பிடிப்பு குறையும். ஒரே சூட்டில் வைத்திருப்பதில்தான் கைத்திறன் தெரியும்.

கறுப்புக் கண்ணாடி, காது மூடி, புகை உறிஞ்சி இல்லாமல் கன்னைப் பற்றவைக்காதீர்கள்.

படி 5: ஆறவிடுதல்

கன்னை அணைத்த பிறகும் ஸ்லீவ் சுழன்றுகொண்டே ஆறட்டும். ஈரத்துணி, தண்ணீர் எதுவும் கூடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஓரங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். விரிசல் இல்லையென்றால் பூச்சின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் தடவி, வைரச் சக்கரத்தில் கிரைண்டிங்குக்கு அனுப்பலாம்.