ஒன்பது பாகையில் துருவம்: வன்னியிலிருந்து நெபுலாவும் கலக்சியும் படமெடுக்க

கையை நேரே நீட்டி விரல்களைப் பொத்தி, அதன் அடிவிளிம்பு அடிவானத்தில் படும்படி வடக்கே பிடியுங்கள். பொத்திய கையின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. மேல்விளிம்பை ஒட்டி மங்கலாகத் தெரிவதுதான் துருவ நட்சத்திரம். வவுனியாவில் வானத்தின் வடதுருவம் 8.75 பாகை உயரத்தில் நிற்கிறது, கிளிநொச்சியில் 9.4 பாகையில். நெபுலா (விண்வெளி வாயு, தூசு முகில்), கலக்சி போன்ற ஆழ்வான் பொருட்களைப் படமெடுக்க, கமராவை விண்மீன்களோடு சேர்த்துச் சுழற்றும் கருவியின் அச்சை இந்தத் துருவத்துக்கு நேரே நிறுத்த வேண்டும். அதற்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் துருவம் 40, 50 பாகை உயரத்தில் நிற்கும் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் இங்கே முதல் இரவே முக்காலி கவிழும், அல்லது மரத்துக்குப் பின்னால் துருவத்தைத் தேடியே விடிந்துவிடும்.

ஆகவே முதலில் இடம். 10 மீற்றர் உயர மரம் ஒன்று 9 பாகையை மறைக்காமல் இருக்க, நீங்கள் அதிலிருந்து 63 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். பாலையும் முதிரையும் 15 மீற்றருக்கு மேல் வளரும் காட்டோரம் என்றால் வடக்கே 100 மீற்றர் வெளி தேவை. காலபோக நெல் அறுத்த வயல் இதற்கு நல்ல இடம்: தரை இறுகியிருக்கும், நாலு பக்கமும் வானம். வைக்கோல் எரிக்கும் நாட்களை மட்டும் தவிருங்கள், அந்தப் புகை இரவிரவாகத் தாழ்ந்து கிடக்கும். இரணைமடு போன்ற குளங்களின் கரையும் நல்லதுதான். கனகராயன் ஆறு வடக்கே ஓடுவதால் இரணைமடுவின் கட்டு வடபக்கத்தில் இருக்கிறது. கட்டில் நின்றால் தெற்கே தண்ணீருக்கு மேல் இருண்ட வானம் கிடைக்கும். கிளிநொச்சியின் வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும். துருவ நட்சத்திரம் அந்த வெளிச்சத்தையும் மீறித் தெரியும். முல்லைத்தீவுக் கடற்கரையில் கிழக்குப் பக்கம் திறந்த வெளிதான். ஆனால் உப்புக்காற்று லென்ஸில் படியும், ஒளி பாய்ச்சி மீன் பிடிக்கும் படகுகள் வந்தால் கிழக்கு அடிவானம் வெளுத்துவிடும்.

பாதுகாப்பு விசயத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். நாளாந்தம் ஆட்கள் நடக்கிற, உழுகிற காணியை விட்டு விலகாதீர்கள். மிதிவெடிப் பலகை நட்ட பக்கம் பகலிலும் போகக் கூடாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை வரும், வறட்சிக் காலத்தில் குளக்கரைக்கு நிச்சயம் வரும். புடையன் வரம்போரம் படுத்திருக்கும், சப்பாத்து இல்லாமல் இருட்டில் நடக்க வேண்டாம். கிராம அலுவலருக்கும் பக்கத்தில் இராணுவ முகாம் இருந்தால் அங்கும் பகலிலேயே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் வயல் நடுவே சிவப்பு ரோச்சோடு நிற்பவரை யாரும் நல்லபடியாக நினைக்கமாட்டார்கள்.

அடுத்தது எப்போது, எதை என்பது. ஒக்ரோபர் தொடங்கி மார்கழி முடியும்வரை மழை. உலகமே அந்திரோமிடா கலக்சியை (எம் 31) எடுக்கும் மாதங்கள் நமக்கு முகில் மாதங்கள். அதனால் எம் 31-ஐ ஓகஸ்ட் மாதத்தில் விடியப்புறம் மூன்று மணியளவில் எடுங்கள், அப்போது அது வடக்கே 58 பாகை உயரத்தில் நிற்கும். இல்லாவிட்டால் மழை விட்ட தை மாதத்தில் இருட்டியதும் மேற்கே சரிவதற்குள் எடுத்துவிட வேண்டும். தை பிற்பாதி தொடங்கி பங்குனி வரைதான் வன்னியின் பொற்காலம். ஓரியன் நெபுலா (எம் 42) 75 பாகைக்கு ஏறுகிறது, ரோசெட் நெபுலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கே வருகிறது. மார்ச் முடிவில் இரவு பத்து மணியளவில் கரீனா நெபுலா (என்ஜிசி 3372) தெற்கே 21 பாகை உயரத்தில் உச்சம் தொடும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் அதற்காக விமானம் ஏற வேண்டும். ஆனால் 21 பாகையில் வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப் போல 2.8 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. உச்சத்துக்கு முன் ஒன்றரை மணி, பின் ஒன்றரை மணி என்ற மூன்று மணிநேரத்தை மட்டும் பயன்படுத்துங்கள், மிச்சம் வீண். மே மாதத்தில் ஒமேகா சென்டோரி என்ற விண்மீன் கொத்து. ஆனி முதல் ஆவணி வரை லகூன் (எம் 8), ட்ரிஃபிட் (எம் 20), ஈகிள் (எம் 16) நெபுலாக்கள் வரிசையாக வரும். அது சோளகம் வீசும் காலம் என்பதால் காற்றுத்தான் தலையிடி.

அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நாட்கள். போயா விடுமுறை வசதியாகத் தெரியலாம், ஆனால் அன்று முழுநிலா.

உபகரணத்தை நீட்டி எழுதத் தேவையில்லை. பழைய டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்று, 135 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, ஸ்டார் அட்வெஞ்சரர் போன்ற சிறிய ட்ராக்கர் (விண்மீன்களைப் பின்தொடர்ந்து கமராவைச் சுழற்றும் கருவி) ஒன்று, கனமான முக்காலி, ரிமோட் டைமர். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சர்) கமராவில் 135 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்பது பாகைக்கு ஆறு பாகை வானத்தைப் பிடிக்கும். நெபுலாக்களுக்கும் எம் 31-க்கும் அது போதும். சிங்கத்திலும் கன்னியிலும் உள்ள சிறு கலக்சிகளுக்கு 300-க்கு மேல் வேண்டும், அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கர் இல்லையென்றால் 50 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, நான்கு செக்கன், 300 படம். எம் 42 அதில் நிறத்தோடு வரும்.

கமராவை மாற்றியமைக்காதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெபுலாவின் சிவப்பு, ஐதரசன் 656.3 நனோமீற்றரில் வெளியிடும் ஒளி. சாதாரணக் கமராவின் சென்சருக்கு முன்னால் உள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியை மறித்துவிடும். எம் 42, எம் 8, கரீனா பிரகாசமானவை என்பதால் தப்பிவிடும். ரோசெட்டும் குதிரைத்தலை நெபுலாவும் சாம்பல் நிறமாகத்தான் நிற்கும். அது உங்கள் பிழை அல்ல.

இனி ட்ராக்கரை நிறுத்துவது. இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

வாங்கும்போதே உயரக் கோண அளவுகோல் 9 பாகை வரை இறங்குமா என்று பாருங்கள். சில மவுன்ட்கள் (கமராவைத் தாங்கிச் சுழற்றும் தலைப்பகுதிகள்) 15-இல் அல்லது 20-இல் முட்டி நின்றுவிடும். அப்படியானால் தெற்குப் பக்கக் கால்களை உயர்த்தி முழுவதையும் வடக்கே சரிக்க வேண்டிவரும், அது கவிழ்வதற்கு நாள் பார்த்த மாதிரி. முக்காலியின் ஒரு காலை வடக்கே நீட்டச் சொல்லும் வழக்கமான அறிவுரையும் இங்கே பலிக்காது. அச்சு கிட்டத்தட்டப் படுத்திருப்பதால், எடைத்தண்டு கீழே தொங்கும்போது வடக்குக் காலில் போய் இடிக்கும். ஒரு காலைத் தெற்கே வையுங்கள், வடக்கே இரண்டு கால்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும். பாரம் அந்த இடைவெளிக்கு மேல் தொங்குவதால், நடுத்தண்டில் ஐந்து கிலோ மணலை உரப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் காற்றில் ஊசலாடாது. கால்களை நீட்டாமல் குட்டையாகவே வைத்தால் சோளகத்துக்கும் தாக்குப்பிடிக்கும். மணல் தரையில் ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகைத் துண்டு வைக்காவிட்டால் ஒரு மணிநேரத்தில் அச்சு விலகிவிடும்.

போனின் திசைகாட்டியால் வடக்கைப் பிடிக்கலாம், ஆனால் இரும்புக்குக் கிட்டக் கொண்டுபோனால் அது பொய் சொல்லும். காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் இரண்டு பாகை மேற்கே விலகியிருப்பதையும் கணக்கில் எடுங்கள். சாய்வுமானிச் செயலியை அச்சின்மேல் வைத்து உங்கள் ஊரின் துருவ உயரத்தை (வவுனியாவில் 8.75, கிளிநொச்சியில் 9.4) காட்டும்வரை உயர்த்துங்கள். பிறகு ட்ராக்கரின் அச்சில் உள்ள சிறு துருவத் தொலைநோக்கியால் பாருங்கள். இங்கே ஒரு சௌகரியம் உண்டு: குளிர்நாட்டுக்காரர் தரையில் மண்டியிட்டு அண்ணாந்து பார்ப்பதை நாம் கதிரையில் இருந்துகொண்டே நேராகப் பார்க்கலாம். துருவ நட்சத்திரம் உண்மைத் துருவத்திலிருந்து 0.6 பாகை அளவு தள்ளி நிற்பதால், துருவம் பிடிக்க உதவும் போன் செயலி காட்டும் மணி முள் இடத்தில் அதை நிறுத்த வேண்டும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? அச்சு ஒரு கலை (பாகையின் அறுபதில் ஒன்று) விலகினால் விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 விகலை (கலையின் அறுபதில் ஒன்று விகலை) நகரும். 18 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கமராவில் 135 மில்லிமீற்றர் லென்ஸுக்கு ஒரு பிக்சல் 6.6 விகலை. பத்துக் கலைப் பிழையோடு இரண்டு நிமிடம் திறந்தாலும் நகர்வு ஐந்து விகலைதான், ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். துருவ நட்சத்திரத்தையே துருவம் என்று நினைத்து நடுவில் வைத்தால் பிழை நாற்பது கலையை நெருங்கும். அப்போது மூன்று பிக்சல் இழுபடும், விண்மீன்கள் நெல்மணி மாதிரி நீளும்.

அடிவானத்தில் முகில் கட்டி துருவமே தெரியாத இரவுகள் பல. அதற்கு நகர்வு முறை. முதலில் தெற்கு-வடக்குக் கோட்டுக்குக் கிட்ட, வான நடுக்கோட்டில் உள்ள விண்மீன் ஒன்றைப் பிடியுங்கள். இங்கே அது 81 பாகை உயரத்தில், தலைக்கு நேரே. லைவ் வியூவை (கமராத் திரையின் நேரடிக் காட்சியை) பத்து மடங்கு பெரிதாக்கி ஐந்து நிமிடம் கவனியுங்கள். விண்மீன் தெற்கே போனால் அச்சு கிழக்கே கூடியிருக்கிறது, வடக்கே போனால் மேற்கே கூடியிருக்கிறது. திருத்திய பிறகு கிழக்கே 20, 30 பாகை உயரத்தில் ஒன்று. தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயர்வு. இரண்டையும் இரண்டு தரம் சுற்றினால் போதும். மடிக்கணினி உள்ளவர்கள் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறையைப் பயன்படுத்தலாம், அதற்குத் துருவம் தெரியத் தேவையில்லை.

ஃபோகஸுக்கு சிரியஸ் அல்லது அகத்திய நட்சத்திரம். லைவ் வியூவில் புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி வளையத்தை ரேப்பால் ஒட்டுங்கள். லென்ஸை முழுதாகத் திறக்காமல் ஒரு படி மூடினால் மூலை விண்மீன்கள் சிறகு முளைக்காமல் இருக்கும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, 60 முதல் 120 செக்கன், ரோ வடிவம். ஹிஸ்டோகிராமின் (ஒளியளவைக் காட்டும் வரைபடத்தின்) மேடு இடது விளிம்பை விட்டு விலகி கால்பங்கில் நின்றால் சரி. எம் 42-இன் நடு எரிந்துபோகும், அதற்கென்று ஐந்து செக்கனில் இருபது படம் தனியாக எடுங்கள். மொத்த நேரம்தான் படத்தின் தரம்: ஒரு மணியை நான்கு மணியாக்கினால் இரைச்சலுக்கு எதிரான வலு இரண்டு மடங்காகும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். லென்ஸை அதற்கு முன்னாலேயே நனைத்துவிடும். விண்மீன்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியத் தொடங்கினால் பனி படிந்துவிட்டது. துணியால் துடைக்காதீர்கள், கறைதான் மிஞ்சும். சூடாக்கும் பட்டி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் பதினைந்து வாங்கி, இரண்டு செப்புக் கம்பிகளுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி 16 மில்லிமீற்றர் இடைவெளியில் பற்றவையுங்கள். 77 மில்லிமீற்றர் லென்ஸை அது சரியாக ஒரு சுற்று சுற்றும். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 0.3 வாட், மொத்தம் நாலரை வாட் சொச்சம், 0.38 அம்பியர். 7 அம்பியர்-மணி மோட்டார்சைக்கிள் பற்றரியில் பாதியைச் செலவழித்தாலே ஒன்பது மணிநேரம் ஓடும். ஒரு அம்பியர் ஃபியூஸ் கட்டாயம். துணியால் சுற்றி, வெட்டிய சைக்கிள் ரியூப்பால் முன்கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் இறுக்குங்கள். பனி படியும் முன்பே போட வேண்டும், போட்டு அரைமணி கழித்து ஃபோகஸை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் சூடு ஃபோகஸை நகர்த்தும்.

வெப்பம் இன்னொரு வில்லன். சென்சரின் வெப்ப இரைச்சலுக்குக் காரணமான மின்னோட்டம் சுமார் ஆறு செல்சியஸுக்கு ஒருதரம் இரட்டிக்கும், நம் இரவுகளோ குளிர்நாட்டு இரவுகளைவிட வெப்பமானவை. படங்களுக்கிடையே 15 செக்கன் ஓய்வு விடுங்கள். முடிந்தவுடன், அதே இடத்தில், மூடி போட்டு, அதே ஐஎஸ்ஓவும் அதே நேரமுமாக 25 டார்க் படம் (வெப்ப இரைச்சலைக் கழிக்க). விடியும்போது லென்ஸ்மேல் வெள்ளை பெனியனை இரட்டையாக விரித்து, ஹிஸ்டோகிராம் நடுவில் வரும்படி 25 ஃபிளாட் (ஓர இருட்டையும் தூசியையும் திருத்த). அதுவரை ஃபோகஸைத் தொடக் கூடாது. மூடியோடு 1/4000 செக்கனில் 30 பயஸ் (சென்சரின் அடிப்படை இரைச்சலைக் கழிக்க). இவற்றைவிட முக்கியமானது, பத்துப் படத்துக்கு ஒருதரம் கமராவைச் சில பிக்சல் நகர்த்துவது. அதைச் செய்யாதவர் படத்தில் இரைச்சல் மழைக்கோடு மாதிரிச் சரிந்து ஓடும், எந்த டார்க்கும் அதை முழுதாக அழிக்காது.

படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சிரில் மென்பொருள் இலவசம். நான்கு வகைப் படங்களையும் அது கேட்கும் பெயரிலான நான்கு கோப்புறைகளில் போட்டு, நிறக் கமராவுக்கான ஸ்கிரிப்டை ஓட்டினால் அடுக்கிய படம் வரும். திறந்தவுடன் கறுப்பாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது இன்னும் இழுத்து விரிக்கப்படாத படம். வரிசை முக்கியம்: ஓரங்களை வெட்டுவது, பின்னணியைச் சமன்செய்வது, விண்மீன்களை வைத்து நிறம் திருத்துவது, அதன்பிறகே ஹிஸ்டோகிராமை விரிப்பது. கரீனா போல அடிவானத்துக்குக் கிட்ட எடுத்த படத்தில் கீழ்ப்பக்கம் வெளுத்திருக்கும். சமன்செய்யும்போது மென்பொருள் தானாக வைக்கும் மாதிரிப் புள்ளிகளில் சில நெபுலாவின் மேலேயே விழும். அப்படியே விட்டால் அது நெபுலாவைப் பின்னணி என்று நினைத்துக் கழித்துவிடும். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.