முன்னால் ஓடுகிறவர்களை வைத்துக்கொண்டு டேங்க் ஆடுவது எப்படி

ஆடியிலும் மார்கழியிலும் எனக்கு வேலை கிடையாது. கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவன் நான். மதுரையில் அந்த இரண்டு மாதமும் முகூர்த்தம் இல்லை என்பதால் அண்டாவும் கரண்டியும் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கும். அப்படி ஓர் ஆடியில்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டை என் தலையில் கட்டினான். "மாமா, டேங்க் எடுங்க. வரிசையில காத்துக் கிடக்க வேண்டாம்" என்றான். அது உண்மைதான், பொத்தானை அமுக்கினால் உடனே கூப்பிட்டுவிடுகிறார்கள். டேங்க் கிடைக்காத நேரத்தில் விளையாட்டே கூடுதல் பரிசு வைத்து ஆள் பிடிக்கிறது. எல்லோரும் ஏன் அந்த வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

விளையாடாதவர்களுக்கு ஒரு வரி. மிருகங்கள் நிறைந்த டன்ஜன் என்ற களத்துக்குள் போவது 4 பேர்: ஒரு டேங்க், காயம் ஆற்றும் ஒரு ஹீலர், அடித்து வீழ்த்தும் இரண்டு டிபிஎஸ். மிருகங்களின் கோபத்தைத் தன் பக்கம் வாங்கி வைத்துக்கொள்பவர் டேங்க். மற்ற மூவரும் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள். நான் இருப்பது ஜப்பானில் உள்ள எலிமென்டல் டேட்டா சென்டரின் டான்பெரி சர்வரில். அங்கே தென்கிழக்கு ஆசியாக்காரர்கள் நிறைய. டன்ஜனில் கூட வருபவர்களில் ஜப்பானியர்களும் இருப்பார்கள். ஆகவே ஒத்துழைக்காதவர் என்று நாம் நினைப்பவருக்குப் பல நேரம் நாம் சொன்னதே புரிந்திருக்காது.

முதலில் உங்கள் ஸ்டான்ஸைப் பாருங்கள்

சஸ்தாஷா என்பது ஆரம்பத்தில் வரும் 15-ம் லெவல் டன்ஜன். அங்கே என் முதல் நாள், ஈட்டி வைத்திருந்த ஒருவரை எல்லா மிருகங்களும் மொய்த்துக்கொண்டிருந்தன. அவர் அவசரக்காரர் என்று எனக்கு ஆத்திரம். சாட்டில் காட்டமாக ஏதோ தட்டப் போனேன். ஹீலராக வந்திருந்த மருமகன் போனில் மெதுவாகச் சொன்னான்: "மாமா, உங்க ஸ்டான்ஸ் அணைஞ்சு கிடக்கு."

டேங்க் ஸ்டான்ஸ் போட்டிருந்தால் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு அடிக்கும் அக்ரோ, அதாவது மிருகங்களின் கோபம், பல மடங்காக ஏறும். டேங்க் வகைகளில் பாலடினுக்கு அயர்ன் வில், வாரியருக்கு டிஃபையன்ஸ், டார்க் நைட்டுக்கு கிரிட், கன்பிரேக்கருக்கு ராயல் கார்ட். பெயர்தான் வேறு, வேலை ஒன்று. 2019-ல் ஷேடோபிரிங்கர்ஸ் என்ற விரிவாக்கம் வந்தபோது அக்ரோவுக்கென்று இருந்த தனி அடிவரிசைகளைத் தூக்கிவிட்டார்கள். இப்போது ஸ்டான்ஸைப் போட்டு ஒவ்வொரு மிருகத்தின் மீதும் இரண்டு அடி விழுந்தாலே பெரும்பாலும் உங்களிடம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பிழை நம்முடையது. ஜாப், அதாவது பாத்திர வகை, மாற்றும்போது ஸ்டான்ஸ் அணைந்துவிடும், அதை மறப்பதுதான் வழக்கமான கதை.

திரையில் எதிரிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு என்றால் அது உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. பச்சையோ மஞ்சளோ தெரிந்தால் அது வேறு யாரையோ கடிக்கிறது. முதல் ஒரு மாதம் நான் மிருகங்களைப் பார்த்தே ஆடினேன். பட்டியலைப் பார்த்து ஆடப் பழகிய பிறகுதான் பாதிச் சண்டைகள் என் மனதைவிட்டுப் போயின.

முன்னால் ஓடி இழுக்கிறவர்

அதிகம் எரிச்சல் தரும் ஆள் இவர்தான். நீங்கள் ஒரு கூட்டத்தை முடிக்கும் முன் அடுத்த கூட்டத்தின் மேல் அம்பு விட்டுவிடுவார். ஆங்கிலத்தில் ஆடுகிறவர்களிடம் இதற்கு ஒரு சட்டமே உண்டு: நீ இழுத்தால் நீயே தாங்கு. ஸ்டான்ஸை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் டேங்குகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நானும் நின்றேன். அம்புக்காரர் நாலைந்து அடியில் விழுந்தார். மிருகங்கள் அடுத்து, அதுவரை அவரைக் காப்பாற்ற மந்திரம் போட்டுக்கொண்டிருந்த ஹீலரிடம் போயின. ஹீலர் விழுந்த பிறகு நான் எத்தனை நேரம் நிற்க முடியும்? நாலு பேரும் வாசலிலிருந்து மறுபடி நடந்தோம். அவருக்குப் பாடம் புகட்டிய கணக்கில் ஹீலரின் 5 நிமிடமும் என் 5 நிமிடமும் போனதுதான் மிச்சம்.

பந்தியில் இது எனக்குப் பழக்கமான விஷயம். சாம்பார் முடிவதற்குள் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு புறப்படும் பையன் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒருவன் இருப்பான். மண்டபத்தில் வைத்து அவனைத் திட்டினால் இலை முன்னால் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் சாம்பாரை இன்னொரு கையில் கொடுத்து வேகமாக அனுப்பிவிடுவேன். ரசக்காரன் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சாம்பார்க்காரனின் மெத்தனம். டன்ஜனிலும் அப்படித்தான். அவர் முன்னால் ஓடினால், நீங்கள் மெதுவாகப் போகிறீர்களோ என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

வேலையில் இறங்குவோம். அவர் இழுத்த கூட்டத்துக்குள் ஓடிப்போய்ச் சுற்றிலும் விழும் அடியை இரண்டு முறை போடுங்கள். பாலடினுக்கு அது டோட்டல் எக்லிப்ஸ். கூட்டமாக வந்தவற்றுக்கு அது போதும். கோபத்தை உங்கள் பக்கம் திருப்பும் ப்ரவோக்கை அதில் வீணாக்காதீர்கள். அது ஒரே ஒரு மிருகத்துக்கானது, திரும்ப வர 30 விநாடி ஆகும். தூரத்தில் தனியாக நின்று அவரைச் சுட்டுக்கொண்டிருக்கும் ஒன்றுக்காக வைத்திருங்கள். எறிந்து அடிப்பவை கிட்டே வராது. சுவர் மறைவுக்குப் போய் நின்றால் உங்களைப் பார்க்க அவை நடந்து வந்தே தீர வேண்டும்.

கடி வாங்கிக்கொண்டே உங்களை விட்டு விலகி ஓடுகிறவர் இன்னொரு வகை. அவரைத் துரத்தினால் நீங்களும் மிருகங்களும் அவரும் ஊர்வலம்தான் போவீர்கள். அவர் முன்னால் குறுக்கே போய் நில்லுங்கள், வாலாக வருபவை உங்களைத் தாண்டும்போது அடியுங்கள்.

அடுத்து, வேகத்தைக் கூட்டுவது. பிந்தைய டன்ஜன்களில் பெரும்பாலும் இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு ஒரு தடுப்பு வரும், அவற்றைக் கொன்றால்தான் திறக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் தடுப்புவரை இழுத்துப் போவதைத்தான் அனுபவசாலிகள் எதிர்பார்க்கிறார்கள். அதற்குப் பாதுகாப்புத் திறன்களை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். ராம்பார்ட் 20 விநாடிக்கு அடியை 20 சதவீதம் குறைக்கும், 90 விநாடியில் மறுபடி தயார். அது தீரும்போது ஆர்ம்ஸ் லெங்த் போட்டால் உங்களை அடிப்பவை 15 விநாடிக்கு மெதுவாக அடிக்கும். இடையில் ரிப்ரைசல், சுற்றி நிற்பவற்றின் அடியில் 10 சதவீதம் கழியும். ஹாலோட் கிரவுண்ட் பாலடினுக்கு 10 விநாடி எதுவுமே படாத வரம், ஆனால் 7 நிமிடத்துக்கு ஒரு முறைதான். புதியவர்கள் இவற்றையெல்லாம் பாஸ் என்ற பெரிய தலைமை எதிரிக்காகச் சேமிப்பார்கள். தீபாவளிக்கு வாங்கிய சட்டையைப் பீரோவிலேயே வைத்திருப்பது மாதிரி. சாதாரண டன்ஜனில் பாஸைவிடக் கூட்டம்தான் வலிக்க அடிக்கும்.

ஹோல்மின்ஸ்டர் ஸ்விட்ச் என்று 71-ம் லெவலில் ஒன்று. அதன் முதல் ஓட்டத்திலேயே நான் மூன்று முறை செத்திருக்கிறேன். அங்கே மட்டும் உள்ளே போனதும் ஒரு கூட்டம் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேட்டால் சரி. கேட்காமல் இழுத்தால் ஹாலோட் கிரவுண்ட் இருக்கிறது.

ஹீலர்

இந்த விளையாட்டில் நல்ல ஹீலர்கள் சும்மா நின்று மருந்து ஊட்ட மாட்டார்கள், அடித்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் உயிர் பாதிக்குக் கீழே போனதும் பதறாதீர்கள். போய்ப் போய் மேலே வருகிறதென்றால் அவருக்குக் கணக்குத் தெரியும். ஒயிட் மேஜ் என்ற ஹீலர் வகை என்றால் 45-ம் லெவலுக்குப் பிறகு ஹோலி என்ற மந்திரத்தால் கூட்டத்தையே திகைத்து நிற்க வைப்பார். முதலில் சில விநாடி, அப்புறம் கொஞ்சம் குறைவாக. அந்த நேரத்தில் ராம்பார்ட்டை எரிப்பது வீண்.

உண்மையிலேயே சமாளிக்க முடியாத ஹீலராக இருந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை, அடுத்த கூட்டத்தைச் சின்னதாக இழுக்கிறேன், அவ்வளவுதான். பெயருக்குப் பக்கத்தில் பச்சைத் துளிர் அடையாளம் இருந்தால் அவர் புதியவர். துளிர் உள்ளவரிடம் வேகம் காட்டுவது, முதல் நாள் வேலைக்கு வந்த பையனிடம் பாயச அண்டாவைத் தூக்கச் சொல்வது போல.

இரண்டு டேங்குகள்

8 பேர் போகும் சண்டையில் இரண்டு டேங்குகள். இருவருமே ஸ்டான்ஸ் போட்டு பாஸைப் பிடித்து இழுத்தால் அது பம்பரமாகச் சுழலும், முன்பக்கம் வீசும் வெட்டு ஹீலர்கள் மேல் விழும். இன்னொருவருக்கு முன்னால் நிற்க ஆசை என்றால் விட்டுக்கொடுத்து ஸ்டான்ஸை அணைத்துவிடுங்கள். அதற்கும் மேலே ஷர்க் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் அக்ரோவில் 25 சதவீதத்தை அவருக்கே எழுதிக் கொடுத்துவிடும். அவர் விழுந்தால் ப்ரவோக்கோடு தயாராக நில்லுங்கள். எனக்கு இதில் கௌரவப் பிரச்சினையே வந்ததில்லை. பாஸ் யாரை அடித்தாலும் சம்பளம் ஒன்றுதான்.

பேசுவது

சண்டைக்கு நடுவில் தட்டச்சு செய்யாதீர்கள், செத்துப்போவீர்கள். தொடங்கும் முன் ஒன்று, இரண்டு கூட்டத்துக்கு நடுவில் ஒன்று, அது போதும். டேப் விசையை அமுக்கினால் தயார்ச் சொற்களின் பட்டியல் வரும். அதிலிருந்து எடுத்துப் போட்டால் ஜப்பானியருக்கு ஜப்பானியத்தில், ஆங்கிலக்காரருக்கு ஆங்கிலத்தில், பிரெஞ்சு, ஜெர்மன்காரர்களுக்கு அவரவர் மொழியில் தெரியும். தமிழ் இல்லை, அது வேறு வருத்தம். ஜப்பானியர்கள் உள்ளே வந்ததும் "யொரொஷிகு" என்பார்கள், முடிந்ததும் "ஒத்ஸுகாரெசாமா" என்பார்கள். இரண்டையும் நானும் சொல்கிறேன். முதலில் வணக்கம் சொன்ன டேங்கிடம் பிறகு முறைத்துக்கொள்ள ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது, இது என் அனுபவம்.

ஒருவருடைய டேமேஜ் குறைவு என்று எண்ணைக் காட்டிப் பேசாதீர்கள். அந்த எண்ணைத் தரும் வெளிக் கருவிகள் விதிப்படி தடை செய்யப்பட்டவை. அவரைக் குறை சொல்லப்போய் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். யாரோ ஒருவர் அசையாமல் நின்றால் காட்சி பார்த்துக்கொண்டிருக்கலாம். முதல் தடவை வந்தவருக்கு அது கதை. பாஸ் அறை, சண்டை தொடங்கி 15 விநாடியில் அடைத்துக்கொள்ளும், அவர் வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் பொறுங்கள். பிளாக் மேஜ் என்ற மந்திரவாதி டிபிஎஸ் தரையில் வட்டம் போட்டு உட்கார்ந்தால் அவரை எழுப்பாதீர்கள், மிருகங்களை அவர் பக்கம் கொண்டுபோங்கள்.

எப்போது எழுந்து போவது

வாய் கெட்டவர்களும் உண்டு. வேண்டுமென்றே கூட்டத்தைக் கொண்டுவந்து ஹீலர் மேல் விட்டுச் சிரிக்கிறவர், கெட்ட வார்த்தை எழுதுகிறவர். அவர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்ற வழி இருக்கிறது. சண்டை நடக்கும்போது முடியாது, பொருளுக்கு யார் பெயர் விழும் என்று குலுக்கல் முடியாமலிருந்தாலும் முடியாது. மற்றவர்களின் சம்மதம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. நீங்களே வெளியேறினால் 30 நிமிடம் புது டன்ஜனுக்குப் போக முடியாது.

போன ஆடியில் ஒருநாள் அப்படி எழுந்து வந்தேன். 30 நிமிடத் தண்டனை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு 600 இலை சொல்லியிருந்தார்கள். நோட்டை எடுத்துக் கத்தரிக்காய் எத்தனை கிலோ, தேங்காய் எத்தனை, வாழை இலை எத்தனை கட்டு என்று எழுதினேன். உப்பு வரை வந்தபோது திரையில் தடை விலகியிருந்தது. பொத்தானை அமுக்கினேன். டேங்க் ஆயிற்றே, நோட்டை மூடுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.