கணினி மந்தமானால் முதலில் ஹார்ட் டிஸ்கின் நிலையைப் பாருங்கள்

ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய மேசைக் கணினி மந்தமாகிவிட்டால், வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் முதலில் சொல்லப்படும் வைத்தியம் ‘ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம்’ என்பதுதான். தேவையற்ற மென்பொருள்கள் சேர்ந்ததால் வந்த மந்தம் என்றால் அது பலன் தரும். ஹார்ட் டிஸ்க் பழுதடைந்துவருவதால் வந்த மந்தம் என்றால், அந்த வைத்தியமே பல ஆண்டுக் கணக்குகளையும் குடும்பப் படங்களையும் மீட்க வழியில்லாமல் அழித்துவிடக்கூடும். ஆகவே நான் வலியுறுத்துவது ஒரு வரிசையைத்தான்: முதலில் டிஸ்கின் நிலையை அறிய வேண்டும், ஐயம் சிறிதளவு எழுந்தாலும் கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துவிட வேண்டும், பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். 1 டிபி ஹார்ட் டிஸ்கும் 4 அல்லது 8 ஜிபி ரேமும் உள்ள விண்டோஸ் கணினியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மடிக்கணினிக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

மந்தம் எங்கிருந்து வருகிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குச் சென்று சிபியு, மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றையும் சில நிமிடங்கள் கவனியுங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்க, டிஸ்கும் 100 சதவீதத்தில் இருந்தால், ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்கையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது என்று கொள்ளலாம். 4 ஜிபி ரேம் உள்ள கணினிகளில் இது மிகவும் வழக்கமானது, இதற்கு டிஸ்க் பழுதாக இருக்க வேண்டியதில்லை. சிபியு இடைவிடாமல் உச்சத்தில் இருந்தால் வைரஸ் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் அப்டேட், தூசியடைந்த விசிறி ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்பலாம்.

நாம் அஞ்ச வேண்டிய காட்சி வேறு. சிபியுவும் மெமரியும் ஓய்வாக இருக்கும்; நீங்கள் எந்த வேலையும் செய்யவில்லை; ஆனாலும் டிஸ்கின் ‘ஆக்டிவ் டைம்’ 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதே நேரத்தில் படிக்கும் வேகமோ நொடிக்குச் சில நூறு கேபி என்ற அளவில் கிடக்கும். அங்கேயே ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்ற எண்ணும் இருக்கும். நலமான ஹார்ட் டிஸ்கில், சாதாரண வேலையின்போது, அது பெரும்பாலும் பத்து இருபது மில்லிநொடிக்குள் இருக்கும். கனமான வேலையின்போது நூறைத் தாண்டுவதும் உண்டு. வேலையே இல்லாதபோது அது பல நூறு, சில ஆயிரம் மில்லிநொடி என்று ஏறினால் டிஸ்க் எதையோ படிக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள்.

இந்தத் திணறலின் காரணத்தை அறிந்துகொண்டால் பிற அறிகுறிகளும் விளங்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகிறது. டிஸ்கின் பரப்பு செக்டர் எனப்படும் மிகச் சிறிய பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; அவற்றில் ஒன்றைச் சரியாகப் படிக்க இயலாதபோது டிஸ்க் உடனே பிழை என்று அறிவிப்பதில்லை. படிக்கும் முனையைச் சற்றே நகர்த்தியும் வேறு திருத்த முறைகளைக் கையாண்டும் அதே இடத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் குறைந்தது ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்கும் சேமிப்பகங்களுக்கென்று தயாரிக்கப்படும் டிஸ்குகள் பொதுவாக 7 நொடிகளில் முயற்சியைக் கைவிடும். வீட்டுக் கணினியின் டிஸ்க் அதைவிட நெடுநேரம் போராடும். அதுவரை மவுஸ் அம்புக்குறி நகரும், ஆனால் எந்தச் சாளரமும் திறக்காது. பழுதான செக்டர் விண்டோஸின் சொந்தக் கோப்பில் இருந்தால் கணினி துவங்கும்போதே ஒவ்வொரு முறையும் தடை ஏற்படும். குறிப்பிட்ட ஒரு கோப்புறையைத் திறக்கும்போது மட்டும் எப்போதும் உறைந்துபோகிறது என்றால், அது மிகவும் வலுவான அறிகுறி.

காதுகொடுத்தும் கேளுங்கள். மெல்லிய சுழற்சி ஒலியும் படிக்கும்போது எழும் கரகரப்பும் இயல்பானவை. சீரான இடைவெளியில் ‘டக்... டக்...’ என்று தட்டும் ஒலியோ, சுழற்சி நின்று மீண்டும் தொடங்கும் ஒலியோ கேட்டால் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் கணினியை அணைத்துவிடுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்வது

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்கிறது. இந்தப் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் இதைப் பார்க்க ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் போதும். உபுண்டு லினக்ஸில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியே காட்டிவிடும். நீல நிறத்தில் ‘குட்’ என்று வருவதை மட்டும் பார்த்து மூடிவிட வேண்டாம். கீழே உள்ள பட்டியலைப் படிக்க வேண்டும்.

அப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று வரிகள். 05 என்ற வரி, பழுதானதால் கைவிடப்பட்டு மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, படிக்க இயலாமல் ‘என்ன செய்வது’ என்று முடிவாகாமல் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை. சி6, டிஸ்க் தன்னைத் தானே சோதித்தபோது மீட்க முடியாமல் போனவை. மந்தத்தைப் பொறுத்தவரை மூன்றில் சி5 தான் முக்கியமானது என்பது என் கருத்து. 05 இல் உள்ள செக்டர்கள் ஏற்கெனவே விலக்கப்பட்டுவிட்டன. சி5 இல் உள்ளவையோ இன்னும் உங்கள் கோப்புகளைத் தாங்கிக்கொண்டு, தொடும்போதெல்லாம் கணினியை நிறுத்திவைப்பவை.

இந்த எண்களை அந்த மென்பொருள் தொடக்கத்தில் பதினாறடி முறையில் காட்டும். அதில் 10 என்றிருந்தால் உண்மையில் 16. அமைப்புகளில் இதைப் பதின்மத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சீகேட் டிஸ்குகளில் 01, 07 ஆகிய வரிகளில் மிகப் பெரிய எண்கள் தெரிவது வழக்கம். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு வரி நற்செய்தியாகவும் அமையலாம். சி7 என்பது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே செய்தி பரிமாறும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை. 05, சி5, சி6 மூன்றும் சுழியமாக இருந்து சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் குற்றம் டிஸ்கில் இல்லை. டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். கணினியை அணைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, விலை மலிவான அந்தக் கேபிளை மாற்றுங்கள். சி7 ஒருபோதும் குறையாது என்பதால், மாற்றிய நாளின் எண்ணைக் குறித்துவைத்து, அது மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்மார்ட் சுத்தமாக இருப்பதால் டிஸ்க் நலம் என்று முடிவுகட்டவும் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்குகளில் 56 சதவீதத்தில், மிக முக்கியமானவை என்று அவர்கள் கருதிய நான்கு அளவுகளில் எதிலுமே எந்தப் பதிவும் இருக்கவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க், பிழையற்ற டிஸ்கைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். எண் ஏறியிருந்தால் நம்புங்கள். ஏறாமல் இருந்தால் மற்ற சான்றுகளையும் கேளுங்கள்.

அந்த மற்ற சான்று, விண்டோஸ் தன் பிழைகளைப் பதிவுசெய்து காட்டும் ‘ஈவன்ட் வியூவர்’. அதில் ‘சிஸ்டம்’ பதிவுகளைத் திறந்து, ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து வந்த எச்சரிக்கைகளையும் பிழைகளையும் தேடுங்கள். எண் 7 என்றால் பழுதான பகுதி கண்டறியப்பட்டது. 153 என்றால் படிப்பதோ எழுதுவதோ ஒருமுறை தோற்று மறுபடி முயலப்பட்டது. 51 என்றால் நினைவகப் பரிமாற்றத்தின்போது பிழை. 11 வந்தால் கேபிளையும் சந்தேகிக்கலாம்.

நகலெடுப்பு

மேற்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று ஐயம் தந்தாலும், மற்ற சோதனைகளை அங்கேயே நிறுத்திவிட்டு நகலெடுக்கத் தொடங்குங்கள். செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவி), டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது), முழு வைரஸ் ஸ்கேன், பல மணி நேரம் ஓடும் நீண்ட ஸ்மார்ட் சோதனை ஆகிய அனைத்தும் டிஸ்கைப் பெருமளவு உழுபவை. தளர்ந்துவரும் டிஸ்கில் மிச்சமிருக்கும் ஆயுளை அவற்றுக்குச் செலவிடக் கூடாது. செக்டிஸ்க் கோப்பு அமைப்பைத் திருத்துவதற்காக எழுதவும் செய்வதால், படிக்க முடியாத கோப்பு முழுதாகவே காணாமல் போகலாம்.

நகல் போக வேண்டிய இடம் வேறொரு டிஸ்க். ‘டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கிறது’ என்று பலரும் நம்புகிறார்கள். ஒரே டிஸ்கைப் பிரித்துத்தான் சி, டி, ஈ என்று பெயரிட்டிருக்கிறோம். டிஸ்க் போனால் மூன்றும் சேர்ந்தே போகும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுக்காமல், மீண்டும் பெற முடியாதவற்றை முதலில் எடுங்கள். கணக்குக் கோப்புகள், ஆவணங்கள், படங்கள், அதன் பிறகு வீடியோக்கள். இணையத்தில் மறுபடி கிடைக்கக்கூடிய மென்பொருள்களும் திரைப்படங்களும் கடைசியில். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் அடிக்கடி மறக்கப்படுகின்றன. கணக்கு மென்பொருளான டேலியின் தரவுக் கோப்புறை பெரும்பாலும் டாகுமென்ட்ஸுக்குள் இருக்காது, அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையிலிருந்து அவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு ஒன்றில் நகலெடுப்பு உறைந்தால், அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற நகலெடுப்புக் கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படிக்க முடியாத கோப்பை அது இயல்பாகவே 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 நொடி இடைவெளி விட்டு, மறுபடி முயலும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மறுமுயற்சியின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் 1 ஆகக் குறைக்காவிட்டால் நகலெடுப்பு ஒரே கோப்பில் நின்றுவிடும். நகலெடுப்பு முடியும் வரை கணினியை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். தளர்ந்த டிஸ்க் ஒன்று அடுத்த முறை சுழலத் தொடங்காமலே போகலாம். யூபிஎஸ் இணைப்பில் வைத்துச் செய்வது நல்லது.

விண்டோஸ் திறக்கவே மறுத்தால், வேறொரு கணினியில் உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து இந்தக் கணினியைத் துவக்கிக் கோப்புகளை எடுக்கலாம். டிஸ்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறையாக்கப் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும். பலருடைய கணினியில் அது அவர்கள் அறியாமலே இயங்கி, குறியீடு மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சி5 நூற்றுக்கணக்கில் ஏறிவிட்ட டிஸ்குக்கு, கோப்பு கோப்பாக எடுப்பதைவிட, லினக்ஸில் உள்ள ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ சிறந்தது. அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வேறொரு டிஸ்குக்கு எடுத்துவிட்டு, பழுதான பகுதிகளுக்குப் பின்னால் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொள்வதால் இடையில் நின்றாலும் தொடரலாம். மூல டிஸ்கையும் சேருமிட டிஸ்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், கொள்ளளவையும் வரிசை எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

இவ்வளவும் டிஸ்க் இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால்தான். தட்டும் ஒலி, கீழே விழுந்த டிஸ்க், பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) தெரியாமல் போன டிஸ்க் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. படிக்கும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. முனை சேதமுற்ற நிலையில் டிஸ்கைச் சுழலவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் பரப்பைச் சுரண்டக்கூடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதும் மூடியைத் திறந்து பார்ப்பதும் மீட்பின் வாய்ப்பைக் கெடுக்கும். அந்தத் தரவு இன்றியமையாததென்றால், தூசியற்ற அறை வசதியுள்ள தரவு மீட்பு நிலையத்திடம், வேறு யாரும் கை வைப்பதற்கு முன்பே கொடுங்கள். செலவு அதிகம், ஆனால் முதலிலேயே அவர்களிடம் போவதுதான் வெற்றிக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

மாற்றுவது

நகலெடுத்த கோப்புகளில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகு, சீகேட்டின் ‘சீடூல்ஸ்’ போன்ற தயாரிப்பாளரின் மென்பொருளால் நீண்ட சோதனையை நடத்தலாம். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் அந்த முடிவு உதவும். உத்தரவாதம் டிஸ்குக்குத்தான், உள்ளே இருந்த தரவுக்கு அல்ல. முழு ஃபார்மட் செய்தால் சி5 சுழியத்துக்கு இறங்குவதும் உண்டு. அதைக் கண்டு டிஸ்க் குணமாகிவிட்டது என்று கணக்குகளை மீண்டும் அதிலேயே வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிதாக வாங்குவதென்றால் விண்டோஸுக்கு, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 500 எம்பி படிக்கும். சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளை ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு முறை அளவில்தான் தேடிப் படிக்க முடியும், எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை படிக்கும்; மந்தம் தீர்வது பெரும்பாலும் இதனால்தான். பழுதான டிஸ்கிலிருந்து விண்டோஸை அப்படியே பிரதியெடுத்தால் சேதமான கோப்புகளும் கூடவே வரும் என்பதால், புதிதாக நிறுவுவதே நல்லது. மதர்போர்டு மாறாதவரை, டிஜிட்டல் உரிமம் பெற்ற விண்டோஸ் இணையத்தோடு இணைந்ததும் தானாகவே செயல்படுத்தப்பட்டுவிடும். எஸ்எஸ்டி பழுதாகும்போது பெரும்பாலும் ஒலியோ படிப்படியான மந்தமோ இல்லாமல் ஒரே நாளில் போய்விடும். ஆகவே வெளி டிஸ்க் ஒன்றில் வாரந்தோறும் நகலெடுக்கும் ஏற்பாட்டை அன்றே செய்துவிடுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்கின் மீது தேதியை எழுதி, இரண்டு மூன்று மாதங்கள் எடுத்துவையுங்கள். விடுபட்ட கோப்பு ஏதேனும் அதற்குள் நினைவுக்கு வரும். பிறகு மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கும் முன், இயங்கும் நிலையில் இருந்தால் முழுவதையும் மேலெழுதி அழியுங்கள். இயங்காவிட்டால் தட்டுகளின் வழியே இரண்டு மூன்று இடங்களில் துளையிட்டுக் கொடுங்கள்.