ஒரு ஊரின் இடப்பெயர்வைக் கணக்கெடுப்பது எப்படி?

முதலில் யார் "வெளியே போனவர்" என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். 2007-08 தேசிய மாதிரி ஆய்வு, கடந்த 365 நாளில் ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் வேலைக்காக வெளியே தங்கியவரைக் குறுகிய காலப் புலம்பெயர்ந்தவர் என்றது. அதையே வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட முடியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் நம்பினால் இவர்களில் பலர் தெரியவே மாட்டார்கள். அது பிறந்த இடத்தையும் கடைசியாக வசித்த இடத்தையும் வைத்துத்தான் புலம்பெயர்ந்தவர்களைக் கணக்கிடுகிறது.

காலம்தான் முக்கியம். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் கிளம்பி, மழைக்கு முன் திரும்பும். சித்திரையில் போனால் பூட்டிய வீடுகள்தான் இருக்கும். பலர் அவற்றை "ஆளில்லை" என்று அடித்துவிடுகிறார்கள். நாம் தேடுபவர்களே அங்கேதான் விடுபடுகிறார்கள். பூட்டிய வீட்டுக்கு இரு பக்கத்து வீட்டிலும் விசாரித்து, ஆடியில் மறுபடி போங்கள்.

"வேலைக்குப் போனீர்களா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மாதம் மாதமாக, ஆள் ஆளாகக் கேளுங்கள். கணவனும் மனைவியும் ஜோடியாகச் செங்கல் அறுத்தாலும் கூலி ஒரே பெயரில் எழுதப்படும். பெண்ணின் உழைப்பு கணக்கில் வராது. அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

சூளையில் வாங்கிய முன்பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது, சீசன் முடிவில் பாக்கி எவ்வளவு? மூன்றையும் குறியுங்கள். பாக்கி நின்றால் அடுத்த வருடமும் அதே சூளைதான்.

பிள்ளைகளுக்குப் பள்ளி வருகைப் பதிவேட்டை ஜனவரி முதல் ஜூன் வரை பாருங்கள். பெயர் இருப்பதும் பிள்ளை வகுப்பில் இருப்பதும் ஒன்றல்ல.