கடைக்கட்டடம் எடுக்குமுன் தட்டிப் பாருங்கள்

கல்முனையில் கடைக்கட்டடம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாரி மழை பெய்யும்போதே போனால் இன்னும் நல்லது. எந்தப் பெயின்ற்றும் ஒழுக்கை அப்போது மறைக்காது.

கடலோரத்தில் முதல் எதிரி உப்புக்காற்று. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் அந்தக் கொங்கிறீற்றையே பிளக்கும். பீமின் அடியில் கம்பி போகும் நீளத்துக்கே வெடிப்பும் போனால் சந்தேகப்படுங்கள். சிறு சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால் உள்ளே கழன்றிருக்கிறது. கழன்றது பூச்சு மட்டுமா, கொங்கிறீற்றுமா என்று பிரித்தறிவது அனுபவக்காரர் வேலை. மேசனிடம் கேட்டால் பூசி மூடிவிடுவார்; அவருக்குத் தெரிந்தது அது.

அப்புறம், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். சுவிட்ச் கீழே விழுந்து மின்சாரம் நிற்காவிட்டால் மின்வேலையாளைக் கூப்பிடுங்கள். மேல்மாடி பிறகு கட்டியதென்றால் மாநகர சபை அனுமதித்த வரைபடத்தைக் கேளுங்கள். பொறியியலாளரின் அறிக்கையைப் படங்களோடு எழுத்தில் வாங்குங்கள், விலை பேச உதவும்.