பழைய ஃபென்டரின் வயதைக் கணிப்பதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

1960களில் ஃபென்டர் நிறுவனம் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் விலைக்கு வந்தால், பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது பின்புற நெக் பிளேட்டில் (கிட்டாரின் கழுத்தான நெக்கை உடலோடு பூட்டும் உலோகத் தகட்டில்) உள்ள சீரியல் எண்ணைத்தான். எல் எழுத்தில் தொடங்கினால் 1963க்கும் 1965க்கும் இடையில், பெரிய எஃப் பொறித்திருந்தால் 1965இன் பிற்பகுதிக்குப் பிறகு. இது சரியான தகவல்தான். ஆனால் அதை வைத்து "இது 1964தான்" என்று அடித்துச் சொல்வது முதல் தவறு. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் பிளேட்டுகள் பெட்டியில் கொட்டிக் கிடக்கும். கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பூட்டினார்கள். வரிசையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் யாரும் பிளேட்டை மாற்றிவிடலாம்.

1964 என்று சொல்ல விற்பவருக்கு ஏன் இவ்வளவு ஆசை? 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபென்டரை வாங்கியது. அதற்கு முந்தைய கிட்டார்களுக்குச் சந்தையில் தனி விலை. ஆகவே இந்த ஓராண்டு வித்தியாசத்தில்தான் தவறும் நடக்கும், மோசடியும் நடக்கும்.

அடுத்த சாட்சி நெக்கின் அடிப்பாகத்தில் இருக்கிறது. 1962இன் தொடக்கம் வரை அங்கே தேதியைப் பென்சிலில் எழுதினார்கள். அதன்பின் ரப்பர் முத்திரை வந்தது. "2 மார் 62 பி" என்று முத்திரை இருந்தால் பலரும் 1962 மார்ச் 2ஆம் தேதி என்று வாசித்துவிடுகிறார்கள். அந்த 2 தேதியே அல்ல. ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான மாடல் குறியீடு அது. கடைசியில் உள்ள பி, நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) இருக்கும் இடத்தில் நெக்கின் அகலமான 1 5/8 அங்குலத்தைக் குறிக்கிறது. அறுபதுகளின் கடைசியில் இதே மாடலின் குறியீடு 22 ஆனது. தேதி என்று வாசித்தால் அந்த ஆண்டுகளின் ஸ்ட்ராட்டுகள் எல்லாம் ஏதோ 22ஆம் தேதியில் மட்டும் பிறந்தவை போலிருக்கும்! இன்னொன்று, அது நெக் தயாரான மாதம்தான். பாடியோடு சேர்ந்து கிட்டார் ஆனது சில வாரங்களோ மாதங்களோ கழித்து இருக்கலாம்.

நெக்கைக் கழற்றும்போது செய்யும் தவறுகள் வேறு. கம்பிகளை முழுக்கத் தளர்த்தாமல் ஸ்க்ரூவில் கைவைக்காதீர்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். சிறியதைப் போட்டால் தலை மழுங்கும், மழுங்கிய ஸ்க்ரூ பின்னால் வாங்குபவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். நெக் உட்காரும் பள்ளமான பாக்கெட்டுக்குள் சிறு அட்டைத் துண்டு இருந்தால் குப்பை என்று எறியாதீர்கள். நெக்கின் கோணத்தைச் சரிசெய்ய வைத்த ஷிம் அது. திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். பழைய மரையில் அது "டக்"கென்று உட்காரும். அப்போதுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுபது வருட மரத்தில் புதிய மரை வெட்டி, பிடிப்பே போய்விடும்.

முன்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டின் அடியில்தான் விஷயம் அதிகம். ஸ்ட்ராட்டில் மூன்று பாட்கள் (குமிழ்களின் அடியில் இருக்கும் மின்பாகங்கள்): ஒரு வால்யூம், இரண்டு டோன். ஒவ்வொன்றின் உடலிலும் ஓர் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் பாட்டைச் செய்த நிறுவனம்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். மிச்ச இலக்கங்கள் ஆண்டும் வாரமும். 304632 என்பது 1956ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். அறுபதுகளில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் வந்துவிட்டதால் 3046615 என்பது 1966, 15ஆவது வாரம். கடைசி இரண்டு இலக்கம் 53ஐத் தாண்டினால் நீங்கள் வாசிப்பது தேதிக் குறியீடே அல்ல.

இந்தத் தேதியைக் கிட்டாரின் தேதியாக எடுத்துக்கொள்வது பெரிய தவறு. அதற்கு முன்பு இந்தக் கிட்டார் பூட்டப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே பாட் சொல்லும். 1966இல் ஃபென்டர் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அந்தச் சரக்கு அறுபதுகளின் கடைசிவரை ஓடியது. அதனால் 1966 பாட் உள்ள 1968 கிட்டார் சந்தேகத்துக்குரியது அல்ல. 1968 பாட் உள்ள "1964" கிட்டார்தான் சந்தேகத்துக்குரியது. ஒன்று பாட் மாறியிருக்கிறது, அல்லது கதை பொய். எது என்பதைச் சோல்டர் சொல்லிவிடும்: தொழிற்சாலைச் சோல்டர் மங்கிப்போய், கலையாமல் இருக்கும், பின்னால் கைபட்ட இடம் பளபளக்கும், அல்லது பழையதன் மேல் புதியது ஏறியிருக்கும். எண்ணை எர்த் வயர் மறைத்தால் சோல்டரை உருக்கிப் பார்க்கவே கூடாது. டார்ச்சும் பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியும் போதும். ஒருமுறை உருக்கிய சாட்சியம் திரும்ப வராது.

எண்களோடு பாகங்களும் ஒத்துப்போக வேண்டும். ரோஸ்வுட் பிங்கர்போர்ட் (நெக்கின் மேல் விரல் வைத்து அழுத்தும் பலகை) 1959இன் நடுவில் வந்தது. 1962இன் நடுப்பகுதி வரை அடிப்பகுதி தட்டையான கனத்த பலகை, பிறகு வளைத்து ஒட்டிய மெல்லிய தகடு. நெக்கின் அடிமுனையைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். பிங்கர்போர்டில் களிமண் நிறப் புள்ளிகள் 1964 கடைசிவரை, பிறகு முத்துப் புள்ளிகள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் அடித்தட்டு 1964 தொடக்கம்வரை கறுப்பு, அதற்குப் பின் சாம்பல். பெரிய ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) 1965 கடைசியிலிருந்து. மூன்று போல்ட் நெக் 1971இலிருந்து. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்ச் 1977இல் வந்தது. பழைய கிட்டாரில் அது இருந்தால் யாரோ வசதிக்காக மாற்றியது, அதை மட்டும் வைத்துக் கிட்டாரைக் குறைசொல்ல வேண்டாம்.

தேய்மானத்தைப் பார்த்து வயது சொல்வது வீண்வேலை. இன்று புதுக் கிட்டாரையே தேய்த்து விற்கிறார்கள். வி எழுத்தில் தொடங்கும் நெக் பிளேட் இருந்தால் அது 1982க்குப் பிந்தைய அமெரிக்க மறுபதிப்பு. எழுபதுகளின் நடுவில் எண் ஹெட்ஸ்டாக்குக்குப் போனபிறகும் குழப்பம் தீரவில்லை: 1984ஐக் குறிக்கும் ஈ4 எண் ஒட்டுப்படங்கள் 1984 தாண்டியும் சில ஆண்டுகள் ஒட்டப்பட்டன.

இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சனின் கிட்டார் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அறுபதுகளில் ஒரே சீரியல் எண் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்தது. எண்ணின் கீழே "மேட் இன் யுஎஸ்ஏ" என்று அழுத்தியிருந்தால் 1970க்கு முன்பு போகாதீர்கள். பிக்கப்பின் அடியில் உள்ள காப்புரிமை எண் 2,737,842ஐத் தேடிப் பார்த்து ஆண்டு கண்டுபிடிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். அது பிக்கப்புக்கான காப்புரிமையே அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெய்ல்பீஸுக்கு (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகத்துக்கு) உரியது.