மருந்துக்கு மசியாத கிருமி: வார்டிலும் ஆற்றிலும் நடக்கும் தவறுகள்

"இந்த மாத்திரை எனக்குப் பழகிப்போச்சு, உடம்பு கேட்க மாட்டேங்குது" என்று பலர் சொல்வார்கள். முதல் தவறே இதுதான். மருந்துக்குப் பழகுவது உடம்பு இல்லை, கிருமி. அதனால் ஆன்டிபயாட்டிக்கை அதிகம் தொடாதவருக்கும் மருந்துக்கு மசியாத கிருமி தொற்றலாம். 2019-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் மரணங்களுக்கு இப்படிப்பட்ட பாக்டீரியாக்களே நேரடிக் காரணம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வார்டில் அடிக்கடி நடக்கும் தவறு, கையுறை போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பது. ஒருவரின் கட்டிலில் தொங்கும் சிறுநீர் சேகரிக்கும் பையைத் தொட்ட அதே கையுறையோடு அடுத்த கட்டிலின் கம்பியைப் பிடித்தால் கிருமிக்கு இலவச சவாரிதான். கையுறையைக் கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலான பாக்டீரியாவுக்கு ஆல்கஹால் சானிடைசர் போதும். கடும் வயிற்றுப்போக்கைக் கிளப்பும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவம்) மட்டும் அதற்குச் சாகாது. அங்கே சோப்பும் தண்ணீரும்தான் வழி.

சரி, கை கழுவும் வாஷ்பேசினாவது சுத்தமா? அதன் அடியில் வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். பாக்டீரியாக்கள் அதில் வழுவழுவென்று ஒரு படலம் கட்டிக் குடியிருக்கும். மீந்த டீ, ஜூஸ், குளுக்கோஸ் என்று நாம் ஊற்றுவதெல்லாம் அவற்றுக்கு விருந்து. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கென்றே வாஷ்பேசின்களை அமைத்துப் பார்த்தார்கள். சத்துப்பொருள் கிடைத்ததும், அடியில் இருந்த பாக்டீரியா நாளுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வீதம் மேலே ஏறி வந்தது. ஆய்வு வெளியானது 2017-ல். வடிகால் வாய்வரை வந்துவிட்டால், குழாயைத் திறந்ததும் தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்த சிரிஞ்ச் தட்டிலும் விழும். ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்தின் மிச்சத்தையும் அங்கேயே கொட்டினால் கேட்கவே வேண்டாம்: தாங்காதவை சாகும், தாங்குபவை பெருகும்.

அந்தக் குழாய் சாக்கடைக்குப் போகிறது, சாக்கடை ஆற்றுக்குப் போகிறது. "அவ்வளவு தண்ணீரில் கலந்தால் மருந்து என்ன செய்துவிடும்?" என்பதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான அளவில் சில நூறில் ஒரு பங்கு மருந்து இருந்தால்கூட, எதிர்ப்பு உள்ளவைக்கு அது சாதகமாகலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. விழுங்கிய அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் ஏறக்குறைய 60 சதவீதம் எட்டு மணி நேரத்துக்குள் மாறாமல் சிறுநீரில் வந்துவிடும். அது தண்ணீரில் ஓரளவு சீக்கிரம் சிதையும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் அப்படியில்லை, சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஹைதராபாத் அருகே படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம்வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்தது 2007-ல் வெளிச்சத்துக்கு வந்தது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது!

குளோரின் போட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் அரைகுறை நம்பிக்கை. பாக்டீரியா செத்தாலும் அதன் மரபணுத் துண்டுகள் மிஞ்சலாம். சில பாக்டீரியாக்கள் அவற்றை எடுத்துத் தமதாக்கிக்கொள்ளும். உயிரோடு இருப்பவையோ பிளாஸ்மிட் என்னும் மரபணு வளையத்தை ஒன்றுக்கொன்று கைமாற்றும், வேறு இனமாக இருந்தாலும்.

அப்புறம், வீட்டில் மீந்த மாத்திரை. அதைக் கழிப்பறையில் போடாதீர்கள், அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்தும் வைக்காதீர்கள். மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.